ஓவனில் சுட்ட எழுத்துகள்

ஓவனுக்குள் புனித அந்தோணியார் சுருண்டு படுத்துவிட்டார்.

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நானும் அண்ணியும் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் அவருடைய கால் பக்கம் மேலே தூக்கியது. பிறகு தலைப் பக்கம். கையில் இருந்த குழந்தை இயேசுவையும் சேர்த்து மடக்கிக்கொண்டு, சூட்டில் வைத்த அப்பளம் மாதிரி நெளிந்தார்.

"போச்சு! சாமிய எரிச்சுட்டோம் தங்கம்!" என்று அண்ணி அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கதவத் தொறக்கவா அண்ணி?"

"தொறக்காத லா! கேக்கு வேகுறப்ப பாதியில தொறந்தா நடுவுல அமுங்கிடும்ல. அது மாதிரி இவருக்கும் ஏதாச்சும் ஆயிடப்போகுது."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தோணியார் மனசு மாறினார். சுருண்டது மெல்லப் பிரிந்தது. கால் இறங்கியது, தலை இறங்கியது. கடைசியில் தட்டில் சமமாகப் படுத்தார். ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே போனவர், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆகியிருந்தார். சட்டைப் பொத்தான் மாதிரி தடிமன். தட்டினால் டக் டக் என்று சத்தம்.

அண்ணி அவரைக் கரண்டியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "என்னடி இது, இவ்ளோ கறுத்துப் போயிட்டாரு? உங்கண்ணன் மாதிரியே இருக்காரு."

சிறிசாகும்போது வண்ணம் அடர்த்தியாகும் என்பது எங்களுக்குத் தெரியாது. நான் லேசான ரோஸ் கலரில்தான் முகம் தீட்டியிருந்தேன். வெளியே வந்தவர் வெயிலில் வேலை பார்த்துவிட்டு வந்த நம்ம ஆள். எனக்கு அவரை அப்படிப் பார்க்கத்தான் பிடித்திருந்தது.

எஜமானியம்மா விட்டுப்போன பெட்டி

போன வாரம் மார்சிலிங் வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். லிஃப்ட் நிற்காத மாடியில், அண்ணன் அண்ணியோடு நான் இருந்த வீடு. அதே வீட்டின் சமையலறைதான் இது. எண்பதுகளின் தொடக்கம். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். அண்ணிக்கு அப்போது முடி முழுக்கக் கறுப்பு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அண்ணி ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்தார். அவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது, எடுத்துப்போக முடியாத சாமான்களை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இஸ்திரிப் பெட்டி கிடைக்கும் என்று அண்ணி நினைத்தார். கிடைத்தது பிள்ளைகள் விளையாடிய ஒரு அட்டைப் பெட்டி. அதற்குள் கட்டுக் கட்டாக மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு.

பெட்டி மேல் எழுதியிருந்தது எல்லாம் இங்கிலீஷ். நான் படித்தது தமிழ்ப் பள்ளியில், ஆறாவது வரை. அண்ணிக்கு இங்கிலீஷ் பேச வரும், படிக்க வராது. ஆனால் படம் போட்டிருந்தது. ஒரு பிள்ளை தாளில் வரைகிறது, கத்தரிக்கோலால் வெட்டுகிறது, ஓவனில் வைக்கிறது, பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. அந்தப் பிள்ளை சிரிப்பதை நம்பித்தான் இறங்கினோம்.

அந்தோணியாரைச் சங்கிலியில் கோக்க வேண்டுமே. அண்ணன் ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார்த்தார். ஏறவில்லை. ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். அந்தோணியார் ரெண்டாகப் போனார்.

"காணாமப் போன பொருளக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவரு, இப்ப அவர் தலையவே காணோம்," என்றார் அண்ணன். அண்ணி அவரை அடுப்படியைவிட்டே துரத்திவிட்டார்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டோம். சுட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது. துளையை முதலிலேயே போட்டுவிட வேண்டும். பேப்பரில் துளை போடுகிற ஹோல் பஞ்சரால், தலைக்கு நேர் மேலே, நட்டநடுவில். ஓரமாகப் போட்டால் டாலர் சாய்ந்து தொங்கும். சங்கிலியில் தொங்குகிற டாலரைச் சொல்கிறேன், பர்ஸில் இருப்பதை இல்லை.

எனக்கு இந்த வேலை கையோடு ஒட்டிக்கொண்டது. தொழிற்சாலையில் நாளெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, எறும்புக் கால் போன்ற கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சின்னதாகச் செய்வது எனக்குச் சிரமமே இல்லை. அந்தத் தொழிற்சாலை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

தமிழில் கேட்டால் சிரித்தார்கள்

அந்த நாளில் சிராங்கூன் ரோட்டில் வளையல், பொட்டு விற்கிற கடைகளில் எழுத்து டாலர்கள் தொங்கும். ஏ, பி, சி, எஸ். பெண்பிள்ளைகள் தங்கள் பெயரின் முதல் எழுத்தை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். அண்ணி ஒருமுறை, "தமிழ்ல 'லூ' இருக்கா?" என்று கேட்டார். அண்ணியின் பெயர் லூர்துமேரி. கடைக்காரர், "தமிழ்ல யாரும்மா கேக்குறா?" என்று சிரித்தார்.

அண்ணிக்கு மூக்கு சிவந்துவிட்டது. பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரை, "யாரு கேக்குறாவாம், யாரு கேக்குறா. நான் கேக்குறேன்ல!" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

எங்கள் கோயில் மண்டபத்துக்குக் கூரை மாற்றப் பணம் திரட்டுவதற்காக ஃபன்ஃபேர் சந்தை நடக்கப்போகிறது என்று பூசையில் அறிவித்திருந்தார்கள். அண்ணி மறுநாளே பெயர் கொடுத்துவிட்டு வந்தார். தமிழ் எழுத்து டாலர் கடை. வரைவது நான், விற்பது அவர்.

"நான் கடையில நிக்க மாட்டேன் அண்ணி."

"சும்மா நில்லு, போதும். பேச வேணாம். பொம்ம மாதிரி நில்லு."

ரெண்டு வாரம் எழுத்தாய் வரைந்தேன். மை போட்டுத் தடிமனாய் எழுத்து, பின்னால் மஞ்சள் வண்ணம், வட்டமாய் வெட்டி, உச்சியில் துளை. வீடெல்லாம் சுட்ட பிளாஸ்டிக் வாசம். அண்ணி அந்த ஓவனில் அப்புறம் சுட்ட பட்டர் கேக்கை அண்ணன் ஒரு வாய் தின்றுவிட்டு, "இதுல எந்த எழுத்து இருக்கு?" என்று கேட்டார்.

எனக்காகவும் ஒரு 'ம' செய்தேன். வீட்டில் தங்கம் என்று கூப்பிட்டாலும், ஞானஸ்நானப் பெயர் மரியதங்கம்.

நான் சொன்ன பதில்

ஃபன்ஃபேருக்குப் போவதற்கு முன்னால் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எனக்கு வாய்க்குள்ளேயே குரல் நின்றுவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. பள்ளியில் பெயர் கூப்பிடும்போது நான் சொல்லும் 'உள்ளேன் அம்மா' எனக்கே கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் எனக்கும் சேர்த்துச் சொல்வாள். அவள் காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு ரெண்டு பேரும் வரவில்லை என்று கணக்கு.

எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அருள் என்பவர் தன் அக்காவோடு என்னைப் பெண் பார்க்க வந்தார். துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டர். மணிக்கட்டில் தீப்பொறி பட்ட புள்ளிகள். சிரித்த முகம். ஆனால் குரல் இருக்கிறதே, வீட்டுக்குள் பேசுகிறாரா, கப்பல் உச்சியில் நிற்பவனைக் கூப்பிடுகிறாரா என்று தெரியாது. காப்பி நல்லாயிருக்கு என்று அவர் சொன்னது கீழ்மாடி வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அவருக்கு முன்பு ஒரு இடம் பேசி, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிற வரை போய் நின்றுபோயிருந்தது. அந்தப் பெண்ணை வீட்டில் கட்டாயப்படுத்தித் தலையாட்ட வைத்திருக்கிறார்கள். அது அவரை உறுத்தியிருக்கிறது. அதனால் எல்லார் முன்னாலும் என்னையே கேட்டார்.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. உங்களுக்குச் சம்மதமா? மத்தவங்க சொன்னா நான் எடுத்துக்க மாட்டேங்க. நீங்க உங்க வாயால சொல்லணும்."

எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதுவரை யாரும் என்னை எதுவும் கேட்டதே இல்லை. என்னால் முடிந்த அளவு சத்தமாக, "ம்" என்றேன்.

அவர் காத்திருந்தார். காப்பிக் கோப்பையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வரோங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரமே அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. பொண்ணுக்கு இஷ்டமில்ல போல, கட்டாயப்படுத்த வேணாம்னு தம்பி சொல்றான் என்று.

"நீ என்னதான்டி சொன்ன?" என்றார் அண்ணி.

"ம்-னு சொன்னேன்."

"எந்த ம்? பக்கத்துல நின்ன எனக்கே கேக்கலையே!"

அண்ணி திரும்ப ஃபோன் செய்து, பெண்ணுக்குச் சம்மதம்தான் என்று சொல்லிப் பார்த்தார். அந்தப் பக்கம் நம்பவில்லை. பெண் வீட்டார் இப்படிச் சொன்னதை நம்பித்தான் போனமுறையும் ஏமாந்தோம் என்றார்களாம். பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜோகூரில் வேறு ஒரு பெண்ணைப் பார்க்கப் போவதாகவும் சேதி. பொதுத் தொலைபேசி வரை இறங்கிப்போய், நாணயத்தைப் போடாமலே மூன்று தரம் திரும்பி வந்தேன். ஃபோனில் குரல் மட்டும்தானே போகும். என்னிடம் இல்லாதது அதுதான்.

உயிர் போன கடை

ஃபன்ஃபேர் அன்று அண்ணிக்கு ஒரு யோசனை. நகைக்கடை மாதிரி இருக்கட்டும் என்று மேசைமேல் கறுப்பு வெல்வெட்டுத் துணியை விரித்தார். அதன்மேல் மஞ்சள் எழுத்துகளை வரிசையாக அடுக்கினோம். வளையமோ கம்மல் கொக்கியோ, கேட்பவர் கேட்பதைப் பிறகு மாட்டித் தருவது என்று திட்டம்.

முதலில் வந்தவர் ஞானப்பிரகாசம் வாத்தியார். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பார், கோயிலில் பாடற்குழுவை நடத்துவார். மேசையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"லூர்து, என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? அத்தனை எழுத்துக்கும் புள்ளி வச்சிருக்கீங்களே!"

"புள்ளியா? எங்க சார் புள்ளி? அது ஓட்ட!"

"நல்லாப் பாரும்மா."

பார்த்தோம். வீட்டில் வெள்ளைப் பேப்பர் மேல் வைத்திருந்தபோது துளை தெரியவில்லை. கறுப்புத் துணியில் வைத்ததும் ஒவ்வொரு துளை வழியாகவும் கறுப்பு எட்டிப் பார்த்தது. எழுத்து கறுப்பு, அதன் தலைமேல் கறுப்புப் புள்ளி. க் ச் த் ப் ம். எல்லாமே மெய்யெழுத்து. 'அ'வுக்கும் 'இ'க்கும்கூட மேலே புள்ளி.

"இலக்கணத்துலயே இல்லாத எழுத்தெல்லாம் செஞ்சுட்டீங்க," என்று வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உயிர்மெய் ஒன்னு இல்ல. எல்லாத்துக்கும் உயிர் போயி மெய் மட்டும் வரிசையாப் படுத்திருக்கு! கோயில்ல வச்சதும் சரிதான்."

எனக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது. நான்தானே துளை போட்டேன். நட்டநடுவில், அவ்வளவு அளந்து.

அண்ணி மேசையிலிருந்து ஒரு டாலரை எடுத்து நீட்டினார்.

"உயிர் போனா என்ன சார், சத்தம் இருக்குல்ல? இந்தாங்க, உங்களுக்கு 'ஸ்'. பாடற்குழுப் பிள்ளைங்க பேசினா இதத் தூக்கிக் காட்டுங்க, வாயடங்கும்."

வாத்தியார் உடனே வாங்கிச் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான், அண்ணியைப் பிடிக்க முடியவில்லை.

"வாங்க வாங்க! மாமியார் பேச்சு புடிக்கலையா, 'ச்' வாங்கிக்குங்க! விக்கல் நிக்கலையா, 'க்' இருக்கு! மீ கோரெங் காரமா, 'ஸ்' இருக்கு லா!"

மீ கோரெங் நூடுல்ஸ் கடையில் வரிசையில் நின்றவர்கள் தட்டோடு எங்கள் பக்கம் வந்தார்கள். ஸ்டெல்லா என்று ஒரு பெண், தன் பெயருக்கு மட்டும்தான் எழுத்து சரியாக அமைந்திருக்கிறது என்று தோழிகளிடம் பெருமையடித்தாள். யாரும் தங்கள் பெயரைத் தேடவில்லை. ஆளாளுக்கு ஒரு சத்தத்தைப் பொறுக்கிக்கொண்டார்கள்.

'அ' கேட்டு வந்தவர்

சத்தம் போட்டுப் போட்டு அண்ணிக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பண்டோங் சர்பத் வாங்கி வருகிறேன் என்று என்னைத் தனியாக விட்டுப் போனார். பக்கத்துக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி, அதிர்ஷ்டக் குலுக்கல் எண்களைக் கத்திக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அருள் வந்து நின்றார்.

"வணக்கங்க! 'அ' இருக்கா? அருளுக்கு 'அ'!"

ஒலிபெருக்கியையும் மீறி அந்தக் குரல் கேட்டது. மூன்று கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரிக்க முயன்றார். என் முகத்தைப் பார்க்காமல் துணியையே பார்த்தார்.

'அ' அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கோயில் வாசலைத் தாண்டி, ஜோகூர் வரைக்கும் போய்விடுவார்.

நான் 'அ'வை எடுக்கவில்லை. எனக்கென்று செய்த 'ம'வை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

யோசித்துச் செய்தாயா என்று பேத்திகள் கேட்பார்கள். கை முந்திக்கொண்டது. ஆனால் அதை நான் திரும்ப எடுக்கவும் இல்லை.

"இது 'அ' இல்லைங்களே." அருள் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். கறுத்த உள்ளங்கையில் துளை நன்றாகவே தெரிந்தது. "ம... இல்ல, மேல புள்ளி இருக்கு. ம்." இன்னொரு தரம் உரக்கப் படித்தார். "ம்! யாருக்குங்க இது?"

நான் அவரைக் காட்டினேன்.

"எனக்கா? என் பேர்ல 'ம்' எங்க வருது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால், அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற குரலில், அதாவது அவருக்கு அது ரகசியம், கேட்டார்.

"அன்னிக்கு நான் கேட்டதுக்கா?"

"ஆமா," என்றேன். இருந்த சத்தத்தை எல்லாம் திரட்டித்தான் சொன்னேன்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "கேக்கலீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன செய்வது?

"ஐயோ, அழாதீங்க. தப்பு என் மேல." அவர் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "பட்டறைச் சத்தத்துல இந்தக் காது போச்சு. அன்னிக்கும் நீங்க இந்தப் பக்கம்தான் நின்னீங்க. இப்ப அந்தப் பக்கம் ஸ்பீக்கர் வேற. காது போனவன்னு தெரிஞ்சா யார் பொண்ணு குடுப்பான்னு வெளிய சொல்லவே இல்ல."

அவருக்குள்ளும் சொல்லாமல் ஒன்று இருந்திருக்கிறது. அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு!

நான் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். ஒரு பக்கம் கம்பம், மறுபக்கம் மீ கோரெங் சட்டி. வழியில்லை. கடைக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து, சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நினைத்தேன் என்று எழுதினால் பொய். ஆனாலும் போனேன். அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"அன்னிக்கே சம்மதம்னுதான் சொன்னேன். இன்னிக்கும் அதுதான்."

அவர் அந்த டாலரை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். பிறகு, கப்பல் உச்சிக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"கேட்டுச்சுங்க! இப்ப நல்லாக் கேட்டுச்சு!"

ரெண்டு கையிலும் பண்டோங்கோடு வந்த அண்ணி பாதி வழியிலேயே நின்றுவிட்டார். "ஊருக்கே கேட்டுச்சு லா," என்றார்.

அடுத்த ஓலை எங்களுக்காக வாசிக்கப்பட்டது. எங்கள் கோயிலில் மாப்பிள்ளைக்கு இடது பக்கம்தான் பெண்ணை நிறுத்துவார்கள். திருமணப் பூசை அன்று பாதர் என்னை அங்கே நிற்கச் சொல்லிக் கை காட்டினார். எங்கள் கல்யாணப் போட்டோவைப் பார்ப்பவர்கள் இன்றைக்கும், ஸ்டூடியோவில் படத்தை இடம் வலம் மாற்றிக் கழுவிவிட்டார்களா என்று கேட்பார்கள்.

மாற்றவில்லை. பீடத்துக்கு முன்னால், பாதர் கை காட்டிக்கொண்டிருக்கும்போதே, நான்தான் அவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றேன்.